குருவில்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை: அர்ச்சிஷ்ட யோசேப் வாஸ் சுவாமியாரின் சரித்திரம்



ஞாயிறு காலையில் கோயில் மணி அடிக்கிறது. பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போகிறோம். பிரசங்கம் சற்று நீண்டால் முணுமுணுக்கிறோம். பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளை நிற்கிறதா, வீட்டுக்கு ஓடிவிட்டதா என்று பலர் திரும்பிப் பார்ப்பதுமில்லை. இவையெல்லாம் என்றும் இருக்கும், எப்பொழுதும் நமக்குக் கிடைக்கும் என்ற எண்ணம் நமக்கு. கிணற்றில் தண்ணீர் ஊறுகிறவரையில் தண்ணீரின் அருமை யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒருநாள் மணி அடிக்காமற் போனால்? பீடத்திலே குரு இல்லாமற் போனால்? ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்றல்ல. ஏறக்குறைய முப்பது வருஷம் அப்படியே இருந்தால், நம்முடைய பங்கில் என்ன மிஞ்சும்? நம்முடைய பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடத் தெரிந்திருக்குமா?

இலங்கைத் திருச்சபைக்கு இந்தச் சோதனை உண்மையாகவே வந்தது. அந்தச் சோதனைக் காலத்தில் சர்வேசுரன் அனுப்பிய ஒரு மனிதனின் சரித்திரத்தை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவருடைய பெயரை அறியாதவர் நம்மில் இல்லை. அவருடைய சுருபத்தையும் படத்தையும் பல கோயில்களில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், மழை பெய்வித்த அற்புதத்தையே பலரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய அற்புதம் ஒன்று உண்டு. தாம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஜனங்கள் கூடி வேதத்தைக் காத்துக்கொள்ளும்படி அவர்களைப் பழக்கினாரே, அதுதான் அந்த அற்புதம்.

பிறப்பும் வளர்ப்பும்

யோசேப் வாஸ் 1651-ம் வருஷம் ஏப்பிரல் மாதம் 21-ந் திகதி, கோவா நாட்டில் பெனவுலிம் என்னும் ஊரிலே, தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தகப்பனாரின் ஊர் சங்குவாலே. தகப்பனார் பெயர் கிறிஸ்தோவாம் வாஸ். தாயார் மரியா தெ மிராந்தா. ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். வீட்டிலே கொங்கணி பேசி வளர்ந்த பிள்ளை, போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் பள்ளிக்கூடத்தில் கற்றது. பின்பு கோவா நகரத்திலே சேசுசபையாரின் கல்லூரியிலும், அர்ச்சிஷ்ட தோமினிக் சபையாரின் கல்லூரியிலும் சாஸ்திரங்களைப் படித்தார்.

1676-ம் வருஷம் அவர் குருப்பட்டம் பெற்றார். அன்றுமுதல் ஏழைகளைப் போலப் பாதரட்சை இல்லாமல் நடக்கத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் திகதி, தம்மைத் தேவமாதாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பம் இட்டார். ஊரிலே சிறுவர்களுக்கு இலத்தீன் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றையும் நடத்தினார். ஆகவே வாஸ் சுவாமியார் தம் குருத்துவத்தின் தொடக்கத்திலேயே ஓர் ஆசிரியராகவும் இருந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

1681-ம் வருஷம் கன்னட நாட்டு மிசனுக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். மங்களூர், குந்தாபுரம் முதலிய இடங்களில் சிதறிக் கிடந்த விசுவாசிகளைத் தேடி நடந்தார். இடிந்த கோயில்களைக் கட்டினார். சிறு பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். சிறைப்பட்டவர்களை மீட்க முயன்றார். மூன்று வருஷம் இவ்வாறு உழைத்துவிட்டு 1684-ல் கோவாவுக்குத் திரும்பினார்.

அங்கே சில சுதேசக் குருக்கள் ஒன்றாக வாழ்ந்து செபிக்க விரும்பிக் கூடியிருந்தார்கள். வாஸ் சுவாமியார் அவர்களோடு சேர்ந்தார். அவரையே அவர்கள் தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். 1685-ம் வருஷம் உரோமாபுரி அர்ச்சிஷ்ட பிலிப்பு நேரியாரின் ஒராத்தோரியச் சபையின் ஒழுங்கை அவர்கள் கைக்கொண்டார்கள். இந்தியாவின் மைந்தர்களே கூடி அமைத்த துறவறக் குடும்பம் இது. பிலிப்பு நேரியார் 16-ம் நூற்றாண்டில் உரோமாபுரியிலே என்ன செய்தார் தெரியுமா? தொழிலாளிகளையும் வாலிபர்களையும் கூட்டினார், அவர்களோடு செபித்தார், ஞானப்புத்தகம் வாசித்து விளங்கப்படுத்தினார், பின்பு அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பழக்கினார். செபம், படிப்பு, பணிவிடை என்ற இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். இந்தக் கயிற்றைத்தான் வாஸ் சுவாமியார் இலங்கைக்குக் கொண்டுவந்தார்.

இலங்கையின் நிலைமை

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து 1656-ல் கொழும்பையும் 1658-ல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாடுகடத்தப்பட்டார்கள். குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்பவன் மரண தண்டனைக்கு உள்ளாவான் என்று கட்டளை பிறந்தது. கத்தோலிக்கர் கட்டிய கோயில்கள் ஒல்லாந்தரின் சபைக்குச் சொந்தமாயின. கோயிலை அடுத்திருந்த பள்ளிக்கூடத்தில் அந்தச் சபையின் போதகமே படிப்பிக்கப்பட்டது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் தண்டம் கட்டவேண்டும். ஞானஸ்நானமும் கலியாணமும் அரசாங்கத்தின் தோம்பிலே பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் சொத்துரிமைக்கு இடைஞ்சல் வரும்.

அன்பர்களே, அந்தப் பெற்றோரின் நிலையை எண்ணிப்பாருங்கள். பகலிலே பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றைப் படிக்கிறது. இரவிலே தாய் விளக்கை அணைத்துவிட்டு, அருள்நிறை மந்திரத்தைப் பிள்ளையின் காதுக்குள் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பாவசங்கீர்த்தனம் செய்து வருஷங்கள் பல ஆகின்றன. நன்மை வாங்கிய நாள் அவளுடைய தாய்க்கே நினைவில்லை. இந்தத் தாய்மார் இல்லாதிருந்தால், வாஸ் சுவாமியார் வந்தபோது தேடிக் கண்டடைய யாருமே இருந்திருக்கமாட்டார்கள்.

பிச்சைக்காரக் கோலம்

இலங்கையில் விசுவாசிகள் குருவின்றித் தவிக்கிறார்கள் என்ற செய்தி வாஸ் சுவாமியாரின் நெஞ்சை வாட்டியது. 1686-ம் வருஷம் தலைமைப் பதவியை விட்டுவிட்டுக் கோவாவிலிருந்து புறப்பட்டார். யோவான் என்னும் உண்மையுள்ள ஊழியன் அவருடன் சென்றான். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து, குரு உடையைக் களைந்து, கூலிக்காரனைப்போல வேஷம் பூண்டு, 1687-ம் வருஷம் தோணியேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

வந்ததும் கிடைத்த வரவேற்பு என்ன? கடல் வழியில் பட்ட துன்பத்தால் கடுமையான வயிற்றோட்டம் கண்டது. தொற்றுநோய் என்று பயந்து அவரை ஊருக்கு வெளியே ஒதுக்கினார்கள். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து வைத்த கஞ்சிதான் அவருடைய உயிரைக் காத்தது. பிற்காலத்தில் கண்டி நகரத்திலே கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போன சுவாமியார், கைவிடப்பட்டுக் கிடப்பது எப்படிப்பட்டது என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார்.

சுகம் பெற்றபின் வீடுவீடாகப் பிச்சை எடுத்தார். கழுத்திலே ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டார். ஏன்? கத்தோலிக்கன் யார், மற்றவன் யார் என்று கேட்டறிய வழியில்லை. கேட்டால் ஆபத்து. ஆகவே வாயால் கேளாமல் செபமாலையைக் காட்டினார். பலர் பார்த்தும் பாராதவர்போல் போனார்கள். சிலருடைய கண்கள் மட்டும் அந்த மாலையிலே தங்கின. அந்தக் கண்களைக் கொண்டு அவர் தம் மந்தையை அடையாளம் கண்டார். அவர்களும் மெல்ல மெல்ல அவரை நம்பி, இவர் குரு என்று அறிந்துகொண்டார்கள்.

சில்லாலையில்

யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருப்பது ஆபத்தாகையால், விசுவாசத்தில் உறுதியான சில்லாலைக் கிராமத்தவர்கள் அவரைத் தங்களிடம் வைத்துக் காத்தார்கள். இரவிலே அவர் ஊர்ஊராகப் போவார். ஒரு வீட்டிலே விசுவாசிகள் ஓசையின்றிக் கூடுவார்கள். சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்பார்; ஞானஸ்நானம் கொடுப்பார்; ஒழுங்கில்லாத கலியாணங்களை ஒழுங்குசெய்வார்; பொழுது விடியுமுன் பூசை செய்வார். விடிந்ததும் வீடு பழைய வீடாகவும், குரு பழைய பிச்சைக்காரனாகவும் ஆகிவிடுவார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய காரியம் இருக்கிறது. ஒரே ஒரு குரு, ஊர்களோ பல. ஓர் ஊருக்கு இன்று வந்தால் மறுபடி எப்பொழுது வருவாரோ, யாருக்கும் தெரியாது. பிடிபட்டால் வரவேமாட்டார். அப்படியானால் இடையிலே வரும் ஞாயிற்றுக்கிழமைகள் என்னாவது?

வாஸ் சுவாமியார் இதற்கு வழி கண்டார். ஒவ்வோர் ஊரிலும் நம்பிக்கையான ஒருவரை மூப்பராக வைத்தார். கூடும் இடத்தைக் காப்பதும், ஊராரைக் கூட்டுவதும், ஏழைகளின் காரியத்தைப் பார்ப்பதும், குரு வரும்போது எல்லாவற்றையும் ஆயத்தம் செய்வதும் மூப்பரின் பொறுப்பு. எழுத்தறிவுள்ள வேறொருவரை அண்ணாவியாராக வைத்தார். செபங்களை முன்னின்று சொல்வதும், ஞானப்புத்தகம் வாசிப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகக் கிடப்பவரின் பக்கத்தில் இருந்து செபிப்பதும் அண்ணாவியாரின் கடமை. இவர்கள் குருக்கள் அல்லர். பெண்டு பிள்ளையோடு வாழ்ந்து, தொழில் செய்து பிழைத்த சாதாரண மனிதர்.

ஞாயிறு வந்தால் ஜனங்கள் கூடினார்கள். பூசை இல்லை, ஆனாலும் கூடினார்கள். செபமாலையும் பிரார்த்தனையும் சொன்னார்கள். அண்ணாவியார் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பிள்ளைகள் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். பின்பு நோயாளி வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். குரு வந்த நாளிலோ, அந்தப் பழக்கமே அவர்களைப் பூசைக்குத் தகுதியாக்கியிருந்தது.

பூசையில்லாத ஞாயிறு குறையுள்ள ஞாயிறுதான். வாஸ் சுவாமியாரும் அதை நிறைவென்று எண்ணவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே உயிரைப் பணயம் வைத்து இரவெல்லாம் நடந்தார். ஆனால் பசி உள்ளவனுக்குத்தான் சோறு ருசிக்கும். ஞாயிறு தவறாமல் கூடியபடியால் அந்த ஜனங்களுக்குத் திவ்ய நற்கருணையின் மேலிருந்த பசி அடங்காமல் இருந்தது.

கிறிஸ்துமஸ் இரவு

இந்தக் கூட்டங்கள் அதிகாரிகளின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? 1689-ம் வருஷம் கிறிஸ்துமஸ் இரவு, யாழ்ப்பாணத்தில் விசுவாசிகள் பூசைக்காகக் கூடியிருந்தபோது சிப்பாய்கள் புகுந்து பலரைப் பிடித்தார்கள். வாஸ் சுவாமியார் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் எட்டுப் பேருக்குக் கடுந்தண்டனை கிடைத்தது. அவர்களுள் தொன் பேதுரு என்பவர் ஒல்லாந்தரின் சபையிலிருந்து கத்தோலிக்க வேதத்துக்கு வந்தவர். அடிபட்டு அந்தக் காயங்களால் உயிர்விட்டார். மற்ற ஏழு பேரும் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த எட்டுப் பேரும் செய்த குற்றம் என்ன? திருடினார்களா, கலகம் செய்தார்களா? பூசைக்கு வந்தார்கள், அவ்வளவுதான். மழை தூறினால் பூசைக்குப் போகாமல் நிற்கும் நாம் இந்த எட்டுப் பேரையும் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

கண்டி ராச்சியத்தில்

இந்தக் கலாபத்துக்குப் பின், 1690-ல் வாஸ் சுவாமியார் புத்தளத்துக்குப் போனார். அது கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்ட இடம். அங்கே ஒரு வருஷம் உழைத்தபின், தலைநகரமாகிய கண்டிக்கு 1692-ல் சென்றார். போர்த்துக்கேய ஒற்றன் என்று யாரோ கோள்மூட்ட, அவரும் இரண்டு கத்தோலிக்கரும் பிடிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள்.

காவலில் இருந்தவர் என்ன செய்தார்? சிங்கள மொழியைப் படித்தார். தப்பி ஓட முயலாதவரையில் காவலர் தடை செய்யாதபடியால், ஓலையால் ஒரு சிறு கோயில் அமைத்தார். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராய் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். காலம் செல்ல, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய குணத்தை அறிந்து தயவு காட்டினான். அந்த அரசன் பௌத்தன். கிறிஸ்தவர்களாகிய ஒல்லாந்தர் குருவைத் துரத்திய காலத்தில், பௌத்த அரசனே அந்தக் குருவுக்கு நிழல் கொடுத்தான் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூரக் கடமைப்பட்டிருக்கிறோம். கடும் வறட்சி வந்த ஒரு காலத்தில் சுவாமியார் சிலுவையை நாட்டி முழந்தாளில் நின்று செபிக்க, மழை பெய்ததென்றும், அவர் நின்ற இடம் மட்டும் நனையவில்லையென்றும் பரம்பரையாகச் சொல்லப்படுவது இந்தக் கண்டி நகரத்தைப் பற்றியே.

கண்டியில் ஓரளவு விடுதலை கிடைத்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. மாறுவேஷத்தில் ஒல்லாந்தரின் எல்லைக்குள்ளேயே நுழைந்து, கொழும்பிலிருந்த விசுவாசிகளையும் சந்தித்துத் தேவதிரவிய அநுமானங்களைக் கொடுத்துத் திரும்பினார். கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். கொச்சி மேற்றிராணியார் வாஸ் சுவாமியாரை இலங்கைக்கு விக்கார் செனராலாக நியமித்தார்.

வைசூரி

1697-ம் வருஷம் கண்டியில் வைசூரி பரவியது. அம்மை குத்தும் வைத்தியம் அறியாத காலம் அது. அரசனும் பிரபுக்களும் நகரத்தை விட்டு நீங்கினார்கள். நோய் கண்டவரை வீட்டார் காட்டிலும் தெருவிலும் விட்டுவிட்டு ஓடினார்கள். பெற்ற பிள்ளையைத் தாய் தொடப் பயந்தாள். நகரத்திலே நின்றவர்கள் யார்? வாஸ் சுவாமியாரும், அவருடைய உறவினராகிய யோசேப் கர்வாலியோ சுவாமியாரும் நின்றார்கள்.

இருவரும் காட்டுக்குள் போய் நோயாளிகளைத் தேடினார்கள். குடிசை போட்டுக் கொடுத்தார்கள். ஆளில்லாத வீடுகளை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்களைக் கழுவினார்கள், அசுத்தங்களைத் தங்கள் கையால் அகற்றினார்கள், இறந்தவர்களைச் சுமந்துசென்று குழிவெட்டிப் புதைத்தார்கள். நோயாளி கத்தோலிக்கனா, பௌத்தனா என்று பார்க்கவில்லை. குடியானவனா, பிரபுவா என்றும் பார்க்கவில்லை. இந்தப் பணிவிடையைக் கண்ட அரசன், சுவாமியார் தம் ராச்சியம் எங்கும் தடையின்றி நடமாடவும் போதிக்கவும் அநுமதி கொடுத்தான்.

வாசகரே, இதைச் சற்று ஆழ்ந்து பாரும். பத்து வருஷமாக மறைந்து மறைந்து செய்த வேலைக்குக் கிடையாத சுதந்திரம், நோயாளியின் புண்ணைக் கழுவிய கைக்குக் கிடைத்தது. ஆனால் சுதந்திரம் கிடைக்கும் என்று எண்ணி அவர் அந்தப் புண்ணைக் கழுவவில்லை. பூசையிலே எந்தச் சேசுநாதரைக் கையில் ஏந்தினாரோ, அவரையே குடிசையிலும் கண்டபடியால் கழுவினார். பீடத்துக்கும் நோயாளியின் பாய்க்கும் அவருக்கு ஒரே பாதைதான்.

படிப்பும் புத்தகமும்

1705-ம் வருஷம் மேலும் குருக்கள் வந்தார்கள். வாஸ் சுவாமியார் நாட்டை எட்டு மிசன் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு குருவிடம் ஒப்புவித்தார். ஒரு பகுதியிலே ஊர்கள் பல, குருவோ ஒருவரே. ஆகையால் மூப்பரும் அண்ணாவியாரும் முன்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டார்கள்.

அண்ணாவியார் எதை வாசிப்பது? ஜனங்களின் மொழியில் நூல்கள் வேண்டும் அல்லவா? வாஸ் சுவாமியார் தாமே தமிழிலும் சிங்களத்திலும் செபங்களை ஆயத்தம் செய்தார். அதோடு, 1705-ல் வந்தவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் மொழித்திறமை மிக்கவர் என்று கண்டு, அவரை இந்த வேலைக்குத் தூண்டினார். அந்தக் கொன்சால்வெஸ் சுவாமியார் 1742-ல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை எழுதினார். தபசு காலத்தில் யாழ்ப்பாணத்து, மன்னார்ப் பகுதிக் கோயில்களில் பாடி வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடைய நூலே. அக்காலத்தில் கத்தோலிக்கருக்கு அச்சுக்கூடம் இல்லை. நூல்களைக் கையால் பிரதி செய்து ஊருக்கு ஊர் கொடுத்தார்கள். ஒரு புத்தகம் ஓர் ஊருக்குக் கிடைத்தால், அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் பிரசங்கம் கிடைத்தது போலாகும்.

மரணம்

வாஸ் சுவாமியாருக்கு உயர்ந்த பதவிகள் தேடிவந்தன. மேற்றிராணியாராகும் வாய்ப்பையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கோவாவுக்கு ஒருமுறையாவது திரும்பிப் போய்த் தம் உறவினரைப் பார்க்கவுமில்லை. இருபத்துநான்கு வருஷம் வெறுங்காலோடு இலங்கையின் காடுகளிலும் மலைகளிலும் நடந்து உடல் தளர்ந்து, 1711-ம் வருஷம் சனவரி மாதம் 16-ந் திகதி கண்டியிலே, தம் 59-ம் வயதில் உயிரை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். அப்பொழுது அரசு செய்தவன் நரேந்திரசிங்கன். அவனும் சுவாமியாரை மதித்தவனே.

கண்டியிலே அவர் கட்டிய கோயில் இன்று இல்லை. ஆனால் அவர் கட்டிய மற்றக் கோயில் இடியவில்லை. கரையோரத்தில் ஒல்லாந்தரின் ஆட்சி 1796-ம் வருஷம் வரையில் நீடித்தது. 1658-லிருந்து எண்ணினால் 138 வருஷம். கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்கள் ஆங்கிலேயர் காலத்தில், 1806-ல் நீக்கப்பட்டன. அப்பொழுது பார்த்தால், கத்தோலிக்கர் அழிந்துபோகவில்லை. ஊர்ஊராக மூப்பரோடும் அண்ணாவியாரோடும் நிலைத்து நின்றார்கள். அரசாங்கத்தின் பலத்தால் நடத்தப்பட்ட சபையோ, அந்த அரசாங்கம் போனதும் ஊர்ப்புறங்களில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. சட்டத்துக்குப் பயந்து கோயிலுக்குப் போனவன் சட்டம் போனதும் நின்றுவிடுவான்; விருப்பத்தால் கூடியவன் நிற்கமாட்டான்.

1995-ம் வருஷம் சனவரி 21-ந் திகதி, இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளித்தார். 2015-ம் வருஷம் சனவரி 14-ந் திகதி, பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பு காலிமுகத்திடலில் இலட்சக்கணக்கான ஜனங்கள் முன்னிலையில் அவரை அர்ச்சிஷ்டவர் வரிசையில் சேர்த்தார். ஒளிந்து நடந்த பிச்சைக்காரக் குருவுக்குப் பட்டப்பகலில், அதே கொழும்பில், அந்த மகிமை கிடைத்தது.

நமக்கு

இந்தச் சரித்திரம் பழங்கதை அல்ல. 2019-ம் வருஷம் ஏப்பிரல் 21-ந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நம் நாட்டுக் கோயில்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கோயில்களிலே பொதுப்பூசை நடக்கவில்லை. 2020-ல் கொள்ளைநோய் வந்து பல வாரங்கள் கோயில் கதவுகள் மூடிக் கிடந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டிலே என்ன நடந்தது? சில வீடுகளில் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபித்தார்கள், தகப்பன் சுவிசேஷம் வாசித்தார், பிள்ளைகள் கேட்டார்கள். வேறு சில வீடுகளில் ஞாயிறு மற்ற நாளைப் போலவே கழிந்தது. கதவு திறந்தபோது திரும்பி வந்தவர்கள் யார், வராமலே நின்றவர்கள் யார் என்பதை நீங்களே அறிவீர்கள். மணி அடிக்காத நாளில் என்ன செய்வோம் என்பதை, மணி அடிக்கும் நாட்களிலேயே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

ஆகவே, பங்குக் குடும்பங்களே, மூன்று காரியங்களைச் சிந்தியுங்கள்.

முதலாவது, பூசை. குருவும் பீடமும் பூசையும் நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. இரவிலே ஒளிந்து போகவேண்டியதில்லை. பிந்தி வந்து வாசலில் நிற்பதும், நன்மை கொடுத்து முடியுமுன் புறப்படுவதும் தொன் பேதுருவின் வேதத்தைச் சேர்ந்தவர்களுக்கு அழகல்ல.

இரண்டாவது, படிப்பு. ஞானோபதேச வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பினால் கடமை முடிந்தது என்று எண்ணவேண்டாம். அன்று தாய்மார் காதுக்குள் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நாம் வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க யார் தடை? இன்னொன்றும் கேட்கிறோம். நம்மில் படித்தவர்கள் பலர் இருக்க, ஞானோபதேசம் கற்பிக்க ஆள் போதாது என்று ஒவ்வொரு வருஷமும் பங்குச் சுவாமியார் பிரசங்கத்தில் கேட்கும்படி விடலாமா? அன்றைய அண்ணாவியாருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பொறுப்பு கொடுக்கப்பட்டபோது அவர் பின்வாங்கவில்லை.

மூன்றாவது, பணிவிடை. ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நடக்க மாட்டாத முதியவர் ஒருவரையோ, ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடப்பவரையோ போய்ப் பாருங்கள். அவர் நம் வேதத்தவரா என்று கேட்கவேண்டாம். வாஸ் சுவாமியார் கேட்கவில்லை. போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஞானோபதேசத்தில் கற்றதைப் பிள்ளை அங்கே கண்ணால் காணும்.

இம்மூன்றையும் சுவாமியார் செய்வார், சபைக்காரர் செய்வார் என்று விட்டுவிட்டால், நம்முடைய பங்கு ஒருவருடைய தோளில் நிற்கும் பங்காகிவிடும். அந்தத் தோள் சாய்ந்தால் பங்கும் சாயும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு பாரத்தை ஏற்றுக்கொண்டால், எந்தக் காற்று வந்தாலும் நிற்கும். குருவில்லாத ஊரிலே ஞாயிற்றுக்கிழமையைக் காத்த நம் முன்னோர் இதையே நமக்கு முதுசமாக வைத்துப் போனார்கள். குருவுள்ள ஊரிலே அதைத் தொலைத்துவிடாதிருப்போமாக.

வருகிற சனவரி 16-ந் திகதி அவருடைய திருநாளிலே, குடும்பமாய்ப் பூசைகண்டு நன்மை வாங்கி, இந்த வரத்துக்காக மன்றாடுங்கள்.

அர்ச்சிஷ்ட யோசேப் வாசே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.